மனசைத் திறந்து பேசினா விலகிப் போயிடுவாங்களோன்னு பயமா? கொஞ்சம் நீளமான பதில்

கேட்டதை மொதல்ல சுருக்கிடறேன். ரொம்ப வேண்டப்பட்ட ஒருத்தர்கிட்ட கூட மனசுல உள்ளதை சொல்ல வரல, உள்ள அழுகையா முட்டினாலும் வெளிய "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"னு சிரிச்சு மழுப்பிடறீங்க, சொல்லிட்டா நம்மள வீக்குன்னு நெனச்சு ஒதுங்கிடுவாங்களோன்னு பயம். அந்த பயத்தை எப்படி போக்கறது, பயம் போனப்புறம் எப்படி பேச ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

இதுல "பயம் போனப்புறம்"ங்கறது தான் சிக்கலே. பயம் மொதல்ல போகாது. தைரியம் வரட்டும் அப்புறம் பேசலாம்னு உக்காந்திருக்கறவங்க வருஷக்கணக்கா உக்காந்திருக்காங்க, தைரியம் வந்த பாடில்ல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே கொஞ்சூண்டு சொல்லி, ஆகாசம் ஒண்ணும் இடிஞ்சு விழலன்னு நாமளே பாத்தா தான் அடுத்த தடவைக்கு படபடப்பு கொஞ்சம் கொறையும், அதுவும் கொஞ்சம் தான். அதனால பயத்தை எப்படி விரட்டறதுன்னு நான் சொல்லப் போறதில்ல. அந்த பயம் சொல்றதை எவ்வளவு தூரம் நம்பலாம், எவ்வளவு நம்பக் கூடாதுங்கறதை சொல்றேன்.

கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு சமூக உளவியல்காரர் இருக்கார், ஒதுக்கப்படறதை பத்தியே பல வருஷமா ஆராய்ச்சி பண்ணவர். ஒரு நாள் பார்க்ல உக்காந்திருக்கும்போது பக்கத்துல வந்து ஒரு ஃப்ரிஸ்பீ (வீசிப் பிடிச்சு ஆடற பிளாஸ்டிக் தட்டு) விழுந்திருக்கு. எடுத்து வீசியிருக்கார், அத ஆடிட்டு இருந்த ரெண்டு பேரும் இவருக்கும் வீச ஆரம்பிச்சிருக்காங்க, கொஞ்ச நேரம் மூணு பேரா ஆடினாங்க, அப்புறம் அந்த ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லாமயே இவருக்கு வீசறதை நிறுத்திட்டாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க, பேர் கூட தெரியாது, ஆனா மனசு அவ்வளவு வலிச்சுதாம். அதையே அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டா மாத்தினார், சைபர்பால்னு பேரு. ஸ்கிரீன்ல மூணு பேரு பந்து வீசிக்குவாங்க, அதுல ஒண்ணு நீங்க, கொஞ்ச நேரத்துல உங்களுக்கு பந்து வர்றது நின்னுடும். அவ்வளவு தான் விளையாட்டே. அதுக்கே ஜனங்க சுருங்கிப் போயிடறாங்க. 2004ல வந்த ஒரு ஆய்வுல "எதிர்ல ஆடறது மனுஷங்க இல்ல, வெறும் கம்ப்யூட்டர்"னு முன்னாடியே சொல்லிட்டு ஆட விட்டாங்க, அப்பவும் வலிச்சுது. 2007ல இன்னொண்ணு, எதிர்ல ஆடறவங்க நீங்க அருவருக்கற ஒரு இனவெறிக் கூட்டத்து ஆளுங்கன்னு சொல்லிட்டு ஆட விட்டாங்க. அவனுங்க ஒதுக்கினாலும் வலிக்குது பாருங்க!

இத எதுக்கு இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, ரிஜெக்ட் ஆயிடுவோமோன்னு உள்ள அடிக்குதே ஒரு மணி, அதுக்கு தரம் பிரிச்சு பாக்கத் தெரியாது. உயிருக்கு உயிரானவங்க விலகினாலும் அடிக்கும், ஸ்கிரீன்ல ஒரு பொம்மை பந்து போடலன்னாலும் அடிக்கும். அப்போ மணி பலமா அடிக்குதுங்கறதை வெச்சு ஆபத்தும் பெருசுன்னு முடிவு கட்ட முடியாது. (2003ல மூளை ஸ்கேன்ல இதே விளையாட்டை ஆட விட்டு, ஒடம்பு வலிக்கும்போது வேலை செய்யற ஒரு பகுதி ஒதுக்கப்படும்போதும் வேலை செய்யுதுன்னு ஐசன்பெர்கர், லீபர்மன், வில்லியம்ஸ் மூணு பேரும் எழுதினாங்க. அதுக்கப்புறம் அந்த பகுதி வேற பல சமயத்துலயும் தான் வேலை செய்யுதுன்னு நெறைய சண்டை நடந்திருக்கு, அதனால "மனவலியும் ஒடம்பு வலியும் ஒண்ணே தான்"னு ஃபார்வர்டுல வர்றதை அப்படியே எடுத்துக்காதீங்க.)

அடுத்தது, உங்க கணிப்பு. "நான் இப்படி சொன்னா அவங்க இப்படித்தான் நெனைப்பாங்க"ன்னு ஒரு படமே ஓட்டி வெச்சிருப்பீங்க இல்ல, அந்த கணிப்பு பெரும்பாலும் ஒரே பக்கமா தப்பா போகுது. ஜெர்மனில மான்ஹைம் பல்கலைக்கழகத்துல அன்னா ப்ரூக்கும் கூட ரெண்டு பேரும் 2018ல வெளியிட்ட ஆய்வு இதுக்கு நல்ல உதாரணம். காதலை மொதல்ல போய் சொல்றது, தப்பை ஒத்துக்கறது, உதவி கேக்கறது இந்த மாதிரி சந்தர்ப்பங்களை குடுத்து, சில பேர்கிட்ட "இதை நீங்க செஞ்சா எப்படி"ன்னு கேட்டாங்க, சில பேர்கிட்ட "வேற ஒருத்தர் செஞ்சா எப்படி"ன்னு கேட்டாங்க. தான் செஞ்சா அசிங்கம், வீக்னெஸ். அதையே அடுத்தவங்க செஞ்சா தைரியம், மனசுக்கு நெருக்கமா இருக்கு. செயல் ஒண்ணு தான், பாக்கற எடம் தான் வேற. நம்ம விஷயத்துல நமக்கு கை நடுங்கறது, குரல் கம்மறது, அடுத்து என்ன ஆகுமோங்கறது எல்லாம் ரொம்ப கிட்டக்க தெரியுது, அடுத்தவங்க விஷயத்துல அந்த பொடி விவரம் எதுவும் தெரியாது, "மனசு விட்டு பேசினாங்க"ங்கற மொத்தம் மட்டும் தெரியும். நீங்களே யோசிங்க, உங்ககிட்ட யாராவது தயங்கித் தயங்கி "எனக்கு கொஞ்சம் கஷ்டமா இருக்கு, உன்கிட்ட சொல்லலாமா"ன்னு கேட்டப்போ, சீ இவ்வளவு தானா இவங்கன்னா நெனச்சீங்க? நம்மள நம்பி வந்திருக்காங்களேன்னு தானே தோணிச்சு.

கார்டாஸ், குமார், எப்லின்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 2021ல இன்னொரு ஆய்வு போட்டாங்க. அறிமுகம் இல்லாத ரெண்டு பேரை உக்கார வெச்சு, "இன்னொருத்தர் முன்னாடி நீங்க அழுத ஒரு சமயத்தை பத்தி சொல்லுங்க" மாதிரி கேள்விகளை பேச விட்டாங்க. பேசறதுக்கு முன்னாடி எவ்வளவு சங்கடமா இருக்கும்னு கேட்டா ரொம்பன்னு சொன்னாங்க, பேசி முடிச்சப்புறம் கேட்டா அவ்வளவு இல்ல, எதிர்பார்த்ததை விட நெருக்கமா உணர்ந்தாங்க. காரணம், எதிர்ல இருக்கறவங்களுக்கு நம்ம மேல அக்கறை இருக்காதுன்னு நாம நெனச்சுக்கறோம், நெஜத்துல அதை விட அதிகமாவே இருக்கு.

ஆனா ஒரு விஷயம், இதெல்லாம் சராசரி. உங்க வாழ்க்கைல இருக்கற அந்த குறிப்பிட்ட ஆள் எப்படி நடந்துக்குவார்னு எந்த ஆய்வும் சொல்லாது. சில பேர் நெஜமாவே விலகுவாங்க. அத மறைச்சு "பேசுங்க எல்லாம் நல்லதே நடக்கும்"னு நான் சொன்னா அது ஏமாத்து வேலை.

சரி, அப்போ பேசாம இருந்துட்டா சேஃப் தானேன்னு தோணும். இங்க தான் நான் முக்கியமா சொல்ல வந்தது இருக்கு. நீங்க எப்பவும் ஜாலியா, எதையும் தாங்கற ஆளா, எதுவும் கேக்காத ஆளா காட்டிக்கிட்டே இருந்தா, அவங்க உங்க மேல பாசமா தான் இருப்பாங்க, ஆனா அந்த பாசம் உங்களுக்குள்ள எறங்காது. "இவங்களுக்கு பிடிச்சிருக்கறது இந்த சிரிக்கற ஆளை, உள்ள இருக்கறவனை தெரிஞ்சா ஓடிடுவாங்க"ன்னு ஒரு ஓரத்துல ஓடிக்கிட்டே இருக்கும். அவங்க எவ்வளவு குடுத்தாலும் அது வேற யாருக்கோ வந்த லெட்டர் மாதிரி தான் இருக்கும். ரிஜெக்ஷன்ல இருந்து தப்பிக்கிறோம்னு பண்றது, ஏத்துக்கப்படறதையும் சேர்த்தே தடுத்துடுது. ரொம்ப பேரு சுத்தி இருந்தும் தனியா இருக்கற மாதிரி ஃபீல் பண்றவங்கள்ல பாதி பேரு கதை இது தான்னு எனக்கு தோணும்.

அது மட்டுமில்ல, மறைக்கறது முழுசா மறையறதும் இல்ல. 2003ல எமிலி பட்லரும் கூட இருந்தவங்களும் பண்ண ஒரு சோதனைல, முன்ன பின்ன தெரியாத பெண்களை ஜோடி ஜோடியா உக்கார வெச்சு மனசை கலக்கற ஒரு படத்தை காட்டி, அத பத்தி பேசச் சொன்னாங்க. சில ஜோடில ஒருத்தர்கிட்ட மட்டும் ரகசியமா "எந்த உணர்ச்சியையும் வெளிய காட்டாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. எதிர்ல இருந்தவங்களுக்கு இது எதுவும் தெரியாது, ஆனா அவங்க ரத்த அழுத்தம் ஏறிச்சு, அந்த ஆளோட பழகவே பெருசா விருப்பமில்லன்னு சொன்னாங்க. நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டு முகத்தை கல்லா வெச்சிருக்கும்போது எதிர்ல இருக்கறவங்களுக்கு "பலமான ஆள்"னு போய் சேரல, "ஏதோ சரியில்ல, என்னன்னு புரியல"ன்னு தான் போய் சேருது.

இன்னும் மோசமானது ஒண்ணு இருக்கு, நேரா சொல்லாம டெஸ்ட் வைக்கறது. ஸ்டேட்டஸ்ல ஒரு சோக வரி போட்டுட்டு அவங்க பாத்தாங்களான்னு பத்து தடவை திறந்து பாக்கறது, பேசறதை திடீர்னு கொறைச்சுட்டு தேடி வராங்களான்னு பாக்கறது, "என்ன ஆச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு திரும்ப கேக்கலன்னா கோவப்படறது. இந்த பரீட்சை எழுதறவங்களுக்கு பரீட்சை நடக்கறதே தெரியாது, அப்புறம் எங்க பாஸ் ஆகறது. ஜெரால்டின் டவ்னியும் அவங்க குழுவும் 1998ல காதல் ஜோடிகளை வெச்சு பண்ண ஆராய்ச்சி இதத்தான் காட்டிச்சு, விட்டுட்டு போயிடுவாங்களோன்னு எப்பவும் எதிர்பாத்துக்கிட்டே இருக்கறவங்க உறவு சீக்கிரமா முறியற வாய்ப்பு அதிகம். அவங்க ஆய்வுல சண்டை வந்தப்போ அந்த பயம் அதிகமா இருந்த பெண்கள் நடந்துக்கிட்ட விதமே துணையோட கோவத்தை கிளப்பிடுச்சு. பயந்தது நடக்கறதுக்கு பயமே வழி போட்டு குடுத்துடுது.

இப்போ எப்படி சொல்றதுங்கறதுக்கு வரேன். ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கறேன், ஏன்னா சின்னதுல தான் பழகணும். ஃப்ரெண்ட் ஒருத்தர் ஞாயித்துக்கெழமை வரேன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல "சாரி, வர முடியல"ன்னு மெசேஜ் போடறாங்க. நீங்க அந்த நாளுக்காக ஒரு வாரமா காத்திருந்தீங்க. மொதல்ல டைப் பண்றது "எனக்கு தெரியும், நான் உனக்கு எப்பவுமே ரெண்டாம் பட்சம் தான்". அழிச்சுடறீங்க. அடுத்து "ம்". அதையும் அழிச்சுட்டு கடைசில போறது "பரவால்ல, நோ ப்ராப்ளம்", கூட ஒரு சிரிக்கற எமோஜி. மொதலாவது தீர்ப்பு, ரெண்டாவது தண்டனை, மூணாவது பொய். நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சு: "அய்யோ, நான் உன்னை பாக்கணும்னு வாரமெல்லாம் காத்துட்டு இருந்தேன், கொஞ்சம் ஏமாத்தமா போச்சு. கோவம்லாம் இல்ல. அடுத்த வாரம் வர முடியுமா?" இதுல அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல, எனக்கு என்ன ஆச்சுங்கறது இருக்கு, என்ன வேணுங்கறதும் இருக்கு. எழுதிப் பாத்தா எவ்வளவு சாதாரணமா இருக்கு, ஆனா அனுப்பற பட்டனை அழுத்தும்போது கை கூசும், ஏன்னா "நீ எனக்கு முக்கியம்"னு ஒத்துக்கிட்டாச்சே. அந்த கூச்சம் வந்துச்சுன்னா சரியான எடத்தை தொட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

"நீ என்னை மதிக்கவே மாட்டேங்கற"ன்னு கத்தறது பலருக்கு மனசைத் திறக்கற மாதிரி தெரியும், அது திறக்கறது இல்ல, கோவத்துக்கு பின்னாடி ஒளியறது. கோவத்துல பேசறவங்க எதையும் பணயம் வைக்கறதில்ல, "உன்கிட்ட மதிப்பு கொறைஞ்சுடுச்சோன்னு பயமா இருக்கு"ன்னு சொல்றவங்க தான் வைக்கறாங்க. குறிப்பா ஆம்பளப் பசங்களுக்கு சின்ன வயசுலேர்ந்தே அழாதே அழாதேன்னு சொல்லி வளத்து, கோவம் ஒண்ணு தான் அவங்களுக்கு அனுமதிச்ச உணர்ச்சின்னு ஆக்கி வெச்சிருக்கோம், அதனால அவங்க வருத்தம், பயம், ஏக்கம் எல்லாமே கோவமா தான் வெளிய வருது.

அளவுன்னு ஒண்ணு இருக்கு. ஆர்தர் ஆரன்ங்கற உளவியல்காரரோட 1997 ஆய்வு கேள்விப்பட்டிருப்பீங்க, 36 கேள்வி கேட்டா காதல் வந்துடும்னு நெட்ல திரிச்சு விட்டாங்களே, அது. உண்மைல அது காதலுக்கான மந்திரம்லாம் இல்ல, அறிமுகமில்லாதவங்களுக்குள்ள நெருக்கம் எப்படி உருவாகுதுன்னு பாக்க வெச்சது. அதுல கவனிக்க வேண்டியது கேள்விகள் அடுக்கி இருக்கற விதம். மூணு செட்டு, மொத்தம் முக்கால் மணி நேரம். மொத செட்ல "போன் பண்றதுக்கு முன்னாடி என்ன பேசணும்னு ஒத்திகை பாப்பீங்களா" மாதிரி லேசான கேள்வி. கடைசி செட்ல தான் "கடைசியா இன்னொருத்தர் முன்னாடி அழுதது எப்போ" வருது. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பதில் சொல்லணும். சூசன் ஸ்ப்ரெக்கர் குழு 2013ல தனியா இதையே சோதிச்சாங்க, ஒருத்தரே நீளமா சொல்லி இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கறதை விட மாத்தி மாத்தி சொல்லிக்கறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் அதிகமா பிடிச்சுது. அதனால மொத நாளே பொறந்ததுலேர்ந்து பட்ட எல்லா அடியையும் ஒரே மூச்சுல கொட்டறது நெருக்கத்தை கொண்டு வராது. அது கேக்கறவங்களை திணறடிக்கும், அவங்க பின்வாங்குவாங்க, "பாத்தியா சொன்னேன்ல, ஓடிட்டாங்க"ன்னு உங்க பயம் இன்னும் கெட்டியாகும். கொஞ்சம் சொல்லுங்க, நிறுத்துங்க, அவங்க அத எப்படி வாங்கிக்கறாங்க, தன் பக்கத்துலேர்ந்தும் ஏதாவது சொல்றாங்களான்னு பாத்துட்டு அடுத்த அடி.

யார்கிட்ட சொல்லக்கூடாதுங்கறதும் முக்கியம். ஒரு தடவை நீங்க சொன்ன ரகசியத்தை அடுத்த சண்டைல ஆயுதமா எடுத்தவங்க, நாலு பேர் முன்னாடி கிண்டலுக்கு தூக்கிப் போட்டவங்க, இவங்ககிட்ட வர்ற பயம் பயமில்ல, அனுபவம். அத மதிங்க. உங்க வேலையும் சம்பளமும் யார் கையில இருக்கோ அவங்ககிட்டயும் யோசிச்சு தான். அடி, மிரட்டல் இருக்கற உறவுல மனசைத் திறங்கன்னு யாராவது அட்வைஸ் பண்ணா அந்தப் பக்கமே போகாதீங்க, அங்க மொதல்ல பாதுகாப்பு, மத்ததெல்லாம் அப்புறம். பழைய காயம் ரொம்ப ஆழம்னா, மொதல்ல கேக்கற காது ஒரு கவுன்சிலரோடதா இருக்கறது நல்லது, ஃப்ரெண்டு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அவ்வளவு பாரத்தை தாங்க பழகியிருக்க மாட்டார்.

இப்போ சொல்லிட்டீங்கன்னு வைங்க. நெறைய பேர் தடுக்கி விழற எடம் இது. நீங்க மூணு மாசமா ஒத்திகை பாத்து சொன்ன விஷயத்தை அவங்க அந்த நொடி தான் மொத தடவையா கேக்கறாங்க. ஜனங்களுக்கு இதுக்கெல்லாம் சட்டுனு பதில் சொல்லத் தெரியாது. ஒருத்தர் ஜோக் அடிப்பார், ஒருத்தர் உடனே "நீ காலைல எந்திரிச்சு வாக்கிங் போ"ன்னு தீர்வு குடுப்பார், ஒருத்தர் "ஓ" மட்டும் சொல்லுவார். இது எதுவும் ரிஜெக்ஷன் இல்ல, தடுமாற்றம். அதனால பேசறதுக்கு முன்னாடியே "நீ எதுவும் சரி பண்ண வேணாம், பத்து நிமிஷம் கேட்டா போதும்"னு சொல்லிடுங்க, பாதி கொழப்பம் அங்கயே தீரும். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே வந்து "அன்னிக்கு சொன்னியே, இப்போ எப்படி இருக்கு"ன்னு கேக்கறாங்களா? மொத நொடி முகபாவத்தை விட அது தான் பெரிய தகவல். மறுபடி மறுபடி சொல்லியும் பேச்சை மாத்தறாங்க, சலிச்சுக்கறாங்க, உங்களை சின்னதாக்கறாங்கன்னா அதுவும் தகவல் தான், அது உங்க குறைய பத்தினது இல்ல, அவங்க கொள்ளளவை பத்தினது.

மெசேஜா நேர்லயான்னு கேட்டா, முடிஞ்சா நேர்ல, இல்லன்னா கால். டெக்ஸ்ட்ல அனுப்பிட்டு ப்ளூ டிக் வந்து பதில் வராத அந்த ஒரு மணி நேரத்துல மனசு எழுதற கதை இருக்கே, எதிராளி குளிக்கப் போயிருப்பார், இங்க நாம உறவையே முடிச்சு ஈமச்சடங்கு பண்ணியிருப்போம். நேர்ல வாய் வராதுன்னா எழுதி வெச்சு படிங்க, "எனக்கு சொல்ல வரல, எழுதிட்டு வந்திருக்கேன்"னு சொல்றதே ஒரு திறப்பு தான்.

நெஜமாவே முடியாதுன்னு சொல்லிட்டா? வலிக்கும், நல்லாவே வலிக்கும். ஆனா ஒதுக்கப்பட்ட உடனே வர்ற அந்த மொத குத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி, பாத்திரம் பாக்காது, அதுலேர்ந்து மீள்ற வேகம் தான் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு வில்லியம்ஸ் குழுவோட ஆய்வுகள் சொல்லுது. சமூக பதட்டம் அதிகம் இருக்கறவங்களுக்கு சைபர்பால் மாதிரி ஒரு சின்ன விளையாட்டோட பாதிப்பே 45 நிமிஷம் கழிச்சும் போகலன்னு 2006ல பாத்தாங்க. அதனால அந்த நேரத்துல எந்த முடிவும் எடுக்காதீங்க, பிளாக் பண்றது, பழைய சாட்டை எல்லாம் அழிக்கறது, "இனிமே யார்கிட்டயும் பேச மாட்டேன்"னு சபதம் போடறது, எதுவும் வேணாம். "எனக்கும் உன் மேல காதல் இருக்கு"ன்னு அவங்க சொல்லலன்னா அவங்க மறுத்தது நீங்க கேட்ட ஒண்ணை, உங்க மொத்தத்தையும் இல்ல, ஆனா இது அன்னிக்கு ராத்திரி புரியாது, கொஞ்ச நாள் ஆகும். "நேர்மையா சொன்னதுக்கு தேங்க்ஸ், எனக்கு கொஞ்ச நாள் டைம் வேணும்"னு ஒரு வரி போதும், சமாதானம் சொல்லி அவங்களை தேத்தற வேலையெல்லாம் உங்களோடது இல்ல.

ஆரம்பிக்கறதுக்கு பெரிய விஷயம் எதையும் தேடாதீங்க. இந்த வாரம் யாராவது உங்களை பாராட்டினா "அய்யோ அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு தள்ளி விடாம, "நீங்க சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. சந்தோஷத்தை காட்டறதுக்கே எவ்வளவு கூசுதுன்னு பாத்துட்டு, வருத்தத்துக்கு அப்புறம் போகலாம்.